ரேகை வளர்த்த பதினாறு நாட்கள்

என் விரல்களை அந்த இயந்திரம் ஒரு நிமிடத்தில் படித்துவிட்டது. முதலில் வலது கையின் நான்கு விரல்கள், பிறகு இடது கையின் நான்கு, கடைசியில் இரண்டு கட்டைவிரல்களும் சேர்த்து. கண்ணாடித் தட்டின் ஓரத்தில் பச்சை விளக்கு மூன்று முறை எரிந்தது. கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் "வெரி குட், ஆன்டி" என்றாள். கிள்ளானில் ஒரு பாலர் பள்ளியில் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் நான் தினமும் நூறு தடவை சொல்லும் வார்த்தை அது. என்னிடம் யாரும் சொல்லிப் பல வருடமாகிவிட்டது. பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்தேன்.

அடுத்து என் கணவர்.

நாங்கள் போயிருந்தது கோலாலம்பூரில் ஒரு குளிர் நாட்டின் தூதரகத்துக்கு. எங்கள் ஒரே மகள் அந்த நாட்டில் படித்து முடித்திருந்தாள். பட்டமளிப்பு விழாவில் ஒரு மாணவருக்கு இரண்டு இருக்கைகள். அந்த இரண்டும் எங்களுக்கு. விசா வேண்டுமென்றால் இருவரும் நேரில் வந்து பத்து விரல்களின் ரேகையையும் பதிந்துவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. கடிதம், படிவம், புகைப்படம் என்று எல்லாவற்றையும் இரண்டு மாதமாகச் சேகரித்துக் கோப்பில் அடுக்கியிருந்தேன். விரல்களைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. அவை கூடவே வந்துவிடும் என்று நினைத்துவிட்டேன்.

என் கணவர் வலது கையை வைத்தார். சிவப்பு விளக்கு. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு.

"கொஞ்சம் அழுத்துங்க, அங்கிள்."

அவர் எதையும் பாதியாகச் செய்கிற ஆள் இல்லை. அழுத்திய அழுத்தில் மேசை லேசாக நகர்ந்தது.

"அவ்ளோ வேணாம், அங்கிள். மெதுவா."

மெதுவாக வைத்தார். சிவப்பு. அந்தப் பெண் ஈரத்தாள் கொடுத்துத் துடைக்கச் சொன்னாள். பிறகு காய்ந்த தாள். பிறகு, "விரல நெத்தியில தேய்ச்சுட்டு வைங்க. கொஞ்சம் எண்ணெப் பசை வேணும்" என்றாள். என் கணவருக்கு நெற்றி எங்கே முடிகிறது என்று சொல்வது கடினம். புருவத்திலிருந்து உச்சி வரைக்கும் அது ஒரே பரப்பு. அவர் அது முழுவதையும் தேய்த்தார். நான் திரும்பிப் பார்த்தபோது, காத்திருந்தவர்களில் ஐந்தாறு பேர் தங்கள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் விதிதான் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். ஒரு சீனப் பெரியவர் தன் மனைவியின் கையைப் பிடித்து அவர் நெற்றியில் வைத்து, எப்படித் தேய்ப்பது என்று காட்டிக்கொண்டிருந்தார்.

இருபது நிமிடம் கழித்து, பத்தில் மூன்று விரல்கள்தான் தேறின. நான் என் வகுப்பில் யாருக்கும் அப்படி மதிப்பெண் போட்டதில்லை.

உள்ளே இருந்து மேலதிகாரி வந்தார். கனிவான முகமுள்ள மலாய் அம்மா. என் கணவரின் கையை விளக்குக்கு நேராகத் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார்.

"சுவிமிங் பூல்" என்றார் இவர்.

"ஆ... குளோரின்" என்று தலையாட்டினார் அந்த அம்மா.

கிள்ளானிலும் ஷா ஆலமிலும் ஐந்து கொண்டோ அடுக்குமாடிகளின் நீச்சல் குளங்களை என் கணவர்தான் இருபத்திரண்டு வருடமாகச் சுத்தம் செய்கிறார். ஒரு பழைய வேன், நீளக் கம்பில் கட்டிய வலை, பிரஷ், குழாய்கள், மருந்து வாளிகள். மருந்தை வெறுங்கையால்தான் அள்ளுவார். ஓடுகளின் அழுக்கையும் வெறுங்கையால்தான் தேய்ப்பார். கையுறை போட்டால் தண்ணீர் எப்படி இருக்கிறதென்று தெரியாதாம். வங்கியில் அடையாள அட்டையைச் சொருகிக் கட்டைவிரலை வைக்கச் சொன்னால் ஒரு தடவைகூட வேலை செய்ததில்லை. புதுக் கைத்தொலைபேசியும் அவர் விரலை ஏற்றுக்கொள்ளவில்லை. கிள்ளானில் இருக்கிற இயந்திரங்கள் எல்லாமே மட்டம் என்பது அவர் கட்சி. நானும் அதை நம்பியிருந்தேன்.

பதினாறு நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். அதுவரை மருந்து, சோப்பு, சூடு எதுவும் கையில் படக்கூடாது. களிம்பு தடவி வர வேண்டும்.

"வளருமா?" என்று கேட்டார் என் கணவர்.

"என்னது, அங்கிள்?"

"ரேகை."

"முடி மாதிரி வளராது, அங்கிள். தோல் நல்லானா தெரியும் லா" என்றாள் அந்தப் பெண். முடியை அவள் இழுத்திருக்க வேண்டியதில்லை. இவர் மறுபடி நெற்றியைத் தடவிக்கொண்டார்.

அன்று மதியம் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். இவர் சாதத்தில் கை வைக்கப் போனார். நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"சூடு. புளி வேற."

"இன்னிக்கே ஆரம்பிக்கணுமா?"

"பதினாறு நாள்தான் இருக்கு."

ஸ்பூன் கேட்டேன். பரிமாறுகிறவர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கையில அடியா, அங்கிள்?" என்று விசாரித்தார்.

"இல்ல. விசா" என்றார் இவர்.

அவர் அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டு, கேட்காமலே ஒரு அப்பளம் கூடுதலாக வைத்துவிட்டுப் போனார். பாதிச் சாப்பாட்டில் ஸ்பூன் இலையைக் கிழித்துவிட்டது. ரசம் மேசையில் ஓடி, விளிம்பில் ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு, இவர் மடியில் இறங்கியது. அந்தக் கறையோடு கிள்ளான் வரைக்கும் கொமுட்டர் ரயிலில் வந்தோம்.

வீடு வந்ததும் மகள் அழைத்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்பா வரலைன்னா முன்னாடியே சொல்லிடுங்கம்மா. என் வாடகை வீட்டுக்கார அம்மா அந்த சீட்டக் கேட்டுட்டு இருக்காங்க. தொப்பிகூட வாங்கிட்டாங்க."

இவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசியை வைத்ததும் என்னிடம் கையை நீட்டினார். "களிம்பு எங்க?"

மருந்துக்கடையில் வாங்கிய வெள்ளைக் களிம்பை நாளுக்கு மூன்று முறை தடவி, மேலே பருத்திக் கையுறை மாட்டிவிட்டேன். பள்ளி விடுமுறை ஆரம்பித்திருந்தது. பதினெட்டுப் பிள்ளைகளுக்குச் செலவிட வேண்டிய கவனம் முழுவதும் என்னிடம் சும்மா இருந்தது. காலையில் "கை காட்டுங்க" என்பேன். இவர் இரண்டு கையையும் நீட்டுவார். பூச்சிகளைப் பார்க்கப் பள்ளியில் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு விரலாகப் பார்ப்பேன். ஒழுங்காக இருந்த நாட்களுக்கு நாட்காட்டியில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டுவேன். "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று முதல் நாள் கேட்டார். நான்காம் நாள் ஒட்ட மறந்துவிட்டேன். மத்தியானம் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, நாட்காட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

இடையில் நெய் வந்து சேர்ந்தது. இவர் தினமும் தே தாரிக் என்கிற இழுத்த டீ குடிக்கிற மாமாக் உணவுக் கடையின் முதலாளி, தம் ரொட்டி சானாய் பரோட்டா மாஸ்டரைக் கூப்பிட்டு, "இவன் கையப் பாருங்க அண்ணே. இருபது வருஷமா நெய்யிலயே கெடக்கு. பாஸ்போர்ட் ஆபீஸ்ல ஒரே தட்டுல எடுத்துட்டாங்க" என்று காட்டியிருக்கிறார். இவர் என்னிடம் சொல்லாமல் கையுறைக்குள் நெய்யைத் தடவிக்கொண்டு சோபாவில் தூங்கிவிட்டார். எங்கள் வீட்டில் எறும்புகள் எப்போதும் உண்டு. அவை நல்ல வாய்ப்பை விட்டுவிடுவதில்லை. சத்தம் கேட்டு நான் ஓடிவந்தபோது, கையுறையைக் கழற்ற முடியாமல் இவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வரவேற்பறையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். விரல்கள் பத்தும் பிசாங் மாஸ் வாழைப்பழம் மாதிரி வீங்கிவிட்டன. வீக்கம் வடிய இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளுக்கும் நட்சத்திரம் இல்லை.

குளங்களை யார் பார்ப்பது என்ற கேள்வி முதல் நாளே வந்திருந்தது. வேறு ஆளை வைக்க இவருக்கு மனமில்லை. யார் செய்தாலும் மூலையில் பாசி விட்டுவிடுவார்களாம். கடைசியில் நான்தான் கம்பைக் கையில் எடுத்தேன். முதல் இரண்டு நாள் இவரும் கூட வந்தார். வெள்ளைக் கையுறையோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, கை நீட்டி உத்தரவு போட்டார். குளிக்க வந்தவர்கள் யாரோ பெரிய முதலாளி என்று நினைத்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டாம் நாள் முடிவில், நான் தேய்ப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் கையுறையோடு தண்ணீரில் கையை விட்டார். அதோடு அவர் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

தனியாகப் போக ஆரம்பித்த பிறகு எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. சின்னக் குப்பியில் குளத்துத் தண்ணீரைப் பிடித்து நாலு சொட்டு மருந்து விட்டால் நிறம் மாறும். மஞ்சளானாலும் ஊதாவானாலும் ஏதோ சரியில்லை. நடுவில் ஒரு சிவப்பு வரும், அதுதான் நல்ல தண்ணீர். நிறம் சொல்லிக்கொடுத்தே முப்பது வருடம் ஓட்டியவள் நான். அந்தச் சிவப்பு வந்ததும் எனக்கு நானே "வெரி குட்" சொல்லிக்கொண்டேன்.

புக்கிட் திங்கியில் இருக்கும் கொண்டோவுக்கு ஒரு தமிழ் ஜாகா. அறுபது வயதிருக்கும், சீருடைச் சட்டையின் எல்லாப் பொத்தானும் போட்டிருப்பார். நான் தனியாகப் போன முதல் நாள், வாசல் காவலை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார்.

"அக்கா, அந்த மூலைப் பக்கம் மட்டும் பார்த்துப் போங்க. அண்ணே அங்கதான் விழுவாரு."

"விழுவாரா?"

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தான் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது புரிந்தது. ஆனால் பாதியில் நிறுத்தவும் அவரால் முடியவில்லை.

"மூணு தடவ விழுந்துருக்காரு, அக்கா. நான்தான் அந்த நீட்டுக் கம்பக் கொடுத்து இழுத்துப் போட்டேன். நீச்சல் தெரியாதுன்னு மொத நாளே என்கிட்ட சொல்லி வச்சுட்டாரு. அதான் அவர் வந்தா நான் இந்தப் பக்கமே நின்னுக்குவேன்."

என் கணவருக்கு நீச்சல் தெரியாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் நான் கேட்டதே இல்லை. சமையல்காரரிடம் போய் உங்களுக்குச் சாப்பிடத் தெரியுமா என்று யாராவது கேட்பார்களா?

வேனுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஒரு நாள் இவர் தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தது நினைவுக்கு வந்தது. "ஷா ஆலம்ல மழ" என்றார். அன்று நான் கொடியிலிருந்து எடுத்த துணி வெயிலில் காய்ந்து அட்டை மாதிரி விறைத்திருந்தது. நம்ம ஊர் மழை ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவில் பெய்யாது என்பதால் நான் மேலே எதுவும் கேட்கவில்லை. துண்டு எடுத்துக் கொடுத்து, குடை ஏன் கொண்டுபோகவில்லை என்று திட்டினேன். அப்போது அவர் தண்ணீருக்குள் இருந்து எழுந்து வந்திருக்கிறார். நான் பிள்ளைகளோடு கைதட்டிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு நேரத்தில் அது நடந்திருக்கிறது.

உடனே வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் ரேகை வளரும் நேரத்தில் சண்டை வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன். விசா வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டாம் நாள் அந்த மூலையில் நான் விழுந்தேன்.

ஒரு பூ மிதந்துகொண்டிருந்தது. வலைக்கு எட்டவில்லை. ஒரு அடி முன்னால் வைத்தேன். அங்கே ஓடு கொஞ்சம் சரிவாக இருக்கிறது, பாசியும் இருந்தது. மூலையில் பாசி விடக்கூடாது என்று இவர் சொன்னது இதற்குத்தான் போலிருக்கிறது. அடுத்த கணம் காதுக்குள் எல்லாம் தண்ணீர். கால் தரையைத் தேடியது, தரை எங்கேயும் இல்லை. பிறகு இருந்தது. எழுந்து நின்றேன். தண்ணீர் நெஞ்சளவுதான். ஜாகா கம்போடு ஏற்கெனவே வந்து நின்றார். கொஞ்ச நாளாகவே தயாராக இருந்திருப்பார்.

"புடிங்க, அக்கா."

"நான் நின்னுக்கிட்டுதான் இருக்கேன்."

"பரவால்ல, புடிங்க."

அவர் மனம் வாடக்கூடாது என்று பிடித்துக்கொண்டேன். நெஞ்சளவு தண்ணீரில் நடந்தே வந்த என்னை அவர் பெரும் பாடுபட்டு இழுத்துக் கரை சேர்த்தார். சுடிதார், காலணி, இடுப்பில் கட்டியிருந்த சின்னப் பை, எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. மேல்மாடியிலிருந்து யாரோ கை தட்டினார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது இவர் கையுறையோடு செய்தித்தாளைப் புரட்ட முயன்றுகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"மழ" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயில் அதுதான் வந்தது.

இவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். எதிர்வீட்டுக் கூரையில் வெயில் கண்ணைக் கூச வைத்தது. பிறகு என்னைப் பார்த்தார். காலணியைப் பார்த்தார்.

"எந்த மூல?" என்று கேட்டார்.

நான் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினேன். அப்புறம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"மூணு தடவன்னு ஜாகா சொன்னாரு."

"நாலு. ஒரு தடவ அவரு லீவு."

"அப்போ யாரு தூக்குனது?"

"யாரும் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சுதான் தெரிஞ்சுது, எழுந்து நின்னா போதும்னு."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேலைய விடச் சொல்லுவ."

"சொல்லத்தான் செய்வேன்."

"அதான்" என்றார்.

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வரவும் செய்தது. ஆனால் என் தலைமுடியிலிருந்து ஒரு பூ விழுந்தது. அதே பூ. இவர் அதைக் கையுறை போட்ட இரண்டு விரலால் எடுத்து, சேதமில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "எடுத்துட்ட பாரு" என்றார். நான் சிரிக்க ஆரம்பித்தேன். இவரும் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், ஊருக்குப் போய் வந்தவுடன் இரண்டு பேரும் நீச்சல் வகுப்பில் சேர வேண்டும் என்றேன். இவர் மறுக்கவில்லை. மறுக்கிற நிலைமையில் இல்லை.

பதினாறாம் நாள் அதே கவுண்டர், அதே பெண். இவர் அன்று பல் துலக்கியதுகூடக் கையுறையோடுதான். தூதரகத்துக்குள் வந்துதான் கழற்றினார். வலது கையை ஒரு முட்டையை வைப்பது போல வைத்தார். பச்சை. இடது கை. சிவப்பு. அந்தப் பெண் மூச்சை இழுத்துக்கொண்டாள். இவர் கையை எடுத்து, விரல் நுனிகளைப் பார்த்து என்னவோ முணுமுணுத்துவிட்டு மறுபடி வைத்தார். பச்சை. கட்டைவிரல்கள் இரண்டும் பச்சை.

"வந்துடுச்சு, அங்கிள்" என்று அவள் எழுந்தே நின்றுவிட்டாள். பிறகு திரையை எங்கள் பக்கம் லேசாகத் திருப்பினாள். பத்து விரல்களும் பெரிது பெரிதாக, சுழி சுழியாக இருந்தன. இவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு நீண்ட நேரம் பார்த்தார்.

"ஒரு காப்பி கெடைக்குமா?"

"இது கொடுக்க முடியாது, அங்கிள்."

"வீட்ல மாட்டத்தான்."

"முடியாது லா, அங்கிள்."

என்னையும் அவள் கூப்பிட்டு நலம் விசாரித்தாள். நான் கைகளைப் பைக்குப் பின்னால் வைத்துக்கொண்டே பதில் சொன்னேன். பதினாறு நாள் குளோரினில் ஊறிய என் விரல்கள் வெங்காயத் தோல் மாதிரி உரிந்துகொண்டிருந்தன. என்னுடையது ஏற்கெனவே பதிவாகிவிட்டது, இனிமேல் என்ன கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.

இரண்டு வாரத்தில் விசா வந்தது. நாங்கள் போகும் நாட்களுக்குக் குளங்களை யாரிடம் ஒப்படைப்பது என்று இவர் மூன்று நாள் தவித்தார். கடைசியில் இன்னொரு குத்தகைக்காரரிடம் விட்டுவிட்டு, ஐந்து குளத்துக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார். அதில் புக்கிட் திங்கி மூலைக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம்.

அந்த நாட்டு விமான நிலையத்தில் மறுபடியும் ஒரு கண்ணாடித் தட்டு. யாரும் சொல்வதற்கு முன்னால் இவர் நாலு விரலையும் வைத்துவிட்டார். உடனே பச்சை. என்னுடைய விரல்கள் மூன்றாம் தடவைதான் ஏறின. அதிகாரி இவரிடம் என்ன வேலை என்று கேட்டார். "சுவிமிங் பூல்" என்றார் இவர். அப்படியானால் நன்றாக நீந்துவீர்கள் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். இவர் பக்கவாட்டில் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"என் மனைவி நல்லா நீந்துவா" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

வெளியே மகள் இரண்டு தடித்த கோட்டுகளைச் சுமந்துகொண்டு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா, ஊதா நிறத் தொப்பி போட்டுக்கொண்டு. விழாவில் கடைசி நேரத்தில் மூன்றாவதாக ஒரு இருக்கை அந்த வீட்டுக்கார அம்மாவுக்கும் கிடைத்துவிட்டதாம். இவர் அந்தத் தொப்பியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முன்னால் போய், அந்த அம்மாவின் கையைப் பிடித்து நன்றாகக் குலுக்கினார்.